வேலிச்செடி வாடினால் முதலில் தூரைப் பாருங்கள்

உயிர்வேலியில் ஒரு செடி மட்டும் வாடி நின்றால் பலரும் தண்ணீரைக் கூட்டுவார்கள், இல்லையென்றால் உரம் போடுவார்கள். குனிந்து தூரைப் பார்ப்பவர்கள் குறைவு. பட்டை போன செடிக்கு இரண்டாலும் பயனில்லை.

இலை தயாரிக்கும் சர்க்கரை உள்பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. நீர் ஏறுவதோ அதற்கும் உள்ளே இருக்கும் கட்டை வழியாக. அதனால் தண்டைச் சுற்றிப் பட்டை முழுவதும் உரிந்துபோனாலும் இலை சில வாரங்கள் பச்சையாகவே இருக்கும். வேர் பட்டினி கிடக்கும். மேலே வாட்டம் தெரியும்போது காரியம் கைமீறியிருக்கும்.

காயத்தைக் கண்டதும் பூச்சி என்று முடிவுகட்டி மருந்தடிப்பது அடுத்த தவறு. மண்ணை ஒட்டி, ஒரே உயரத்தில் நார் நாராகச் சிதைந்திருந்தால் அது பெரும்பாலும் புல்வெட்டும் கருவியின் நைலான் நரம்பு செய்த வேலை. இணை இணையாகச் சுரண்டிய தடம் எலி அல்லது முயலின் பல். துளையும் அதன் வாயில் மரத்தூளும் இருந்தால்தான் தண்டு துளைப்பானைச் சந்தேகிக்க வேண்டும். சில செடிகள் பழைய பட்டையைத் தாமாகவே உதிர்க்கும். அடியில் வழவழப்பான புதுப்பட்டை தெரிந்தால் விட்டுவிடுங்கள். ஐயமிருந்தால் காயத்துக்கு மேலும் கீழும் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். ஈரப் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, காய்ந்த பழுப்பு என்றால் அந்த இடம் செத்துவிட்டது.

காயத்தில் தாரோ பெயிண்டோ பூசும் பழக்கம் ஏனோ இன்னும் போகவில்லை. பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்து அழுகலுக்கு வழிசெய்யும். தொங்கும் பட்டையைக் கூரான கத்தியால் சீவிவிட்டால் போதும், விளிம்பிலிருந்து செடியே புதுத்திசு வளர்த்து மூடிக்கொள்ளும். சுற்றிலும் பட்டை போயிருந்தால் காயத்துக்குக் கீழே வெட்டிவிடுங்கள். அகன்ற இலையுள்ள பல வேலிச்செடிகள் தூரிலிருந்து துளிர்க்கும். ஊசியிலை வகைகளிடம் பெரும்பாலும் அதை எதிர்பார்க்க முடியாது.

மண்ணை மூடப் பரப்பும் சருகு, வைக்கோல் போன்ற மூடாக்கைத் தண்டின்மேல் குவிப்பதும் கெடுதல்தான். பட்டை ஓயாத ஈரத்தில் ஊறும், எலிக்கும் ஒளிய இடம் கிடைக்கும். 5 முதல் 8 செ.மீ. கனம் போதும், தண்டைவிட்டு நான்கு விரல் தள்ளிப் பரப்புங்கள். மூடாக்கால் தூரைச் சுற்றிப் புல்லே வளராவிட்டால் புல்வெட்டும் கருவி அங்கே போக வேண்டியதில்லை. எலித்தொல்லை இருந்தால் 6 மி.மீ. கண்ணுள்ள கம்பி வலையைத் தண்டில் படாமல் சுற்றி, அடிப்பகுதியை மண்ணுக்குள் புதையுங்கள். நடும்போது குச்சியோடு சேர்த்துக் கட்டிய கம்பியையும் தேடிப் பாருங்கள். தண்டு பருக்கப் பருக்க அது பட்டைக்குள் புதைந்து கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கும்.