பெக்கின்பாவைப் பார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் குறும்படம் எடுக்கும் தம்பிகள் பலர் அமெரிக்க இயக்குநர் சாம் பெக்கின்பாவின் ரசிகர்கள். அவர்கள் படத்தில் ஒரு பாராங் கத்தி வெட்டு அரை நிமிடம் ஸ்லோமோஷனில் ஓடும். கேட்டால், "பெக்கின்பா ஸ்டைல் அண்ணே" என்பார்கள். அவர் அப்படி எடுக்கவே இல்லை. முதல் தவறு அதுதான்.

1969இல் வந்த 'தி வைல்ட் பன்ச்' படத்தின் சண்டைகளை அவர் பல கேமராக்களை வெவ்வேறு வேகத்தில் ஓடவிட்டுப் படமாக்கினார். எடிட்டர் லூ லொம்பார்டோ அவற்றைத் துண்டு துண்டாகக் கோத்தார். கூரையிலிருந்து ஒருவன் மெதுவாகச் சரிகிறான். அவன் தரையைத் தொடுவதற்குள் தெருவில் சுடுபவர்கள் சாதாரண வேகத்தில் வந்து போகிறார்கள். பக்கத்தில் வேகம் இருப்பதால்தான் அந்த மெதுவுக்குக் கனம். ஸ்லோமோஷன் அவர் கண்டுபிடித்ததும் இல்லை. ஜப்பானிய இயக்குநர் குரோசாவா 1954இலேயே சாவை அப்படிக் காட்டினார், அமெரிக்க இயக்குநர் ஆர்தர் பென் 1967இல் காட்டினார்.

அடுத்தது, துப்பாக்கிச் சண்டையை மட்டும் கைப்பேசியில் வெட்டிப் பார்ப்பது. இந்தப் படத்தின் தொடக்கத்தில் சிறுவர்கள் தேளை எறும்புக் கூட்டத்தில் விட்டு வேடிக்கை பார்த்துச் சிரிப்பார்கள். அப்புறம் தெருவில் பெரியவர்கள் சுட்டுக்கொள்வதையும் பிள்ளைகள் பார்க்கிறார்கள். கடைசிச் சண்டையில் பைக் என்ற நாயகனைச் சுட்டு வீழ்த்துவதில் ராணுவ உடை போட்ட ஒரு சிறுவனுக்கும் பங்கு உண்டு. வன்முறையைப் பார்த்து வளரும் பிள்ளைதான் இந்தப் படத்தின் உயிர். அதை விட்டுவிட்டால் மிஞ்சுவது வெறும் ரத்தம். நம் ஊரில் பதின்ம வயதுப் பிள்ளைகளைக் குண்டர் கும்பல்கள் இழுக்கும்போது, இதைப் பேசாமல் எதைப் பேசுவது?

எந்தப் பிரதி என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்வதும் தவறு. 'மேஜர் டண்டி' (1965), 'பேட் கேரட் அண்ட் பில்லி த கிட்' (1973) இரண்டையும் நிறுவனங்கள் அவர் விருப்பத்துக்கு மாறாக வெட்டித்தான் வெளியிட்டன.

அதற்காக எல்லாவற்றுக்கும் வக்காலத்து வாங்கவும் கூடாது. 'ஸ்ட்ரா டாக்ஸ்' (1971) படத்தின் பாலியல் வன்கொடுமைக் காட்சியை இன்று என்னால் ஆதரித்துப் பேச முடியாது. பெண்கள் அதைக் கண்டிப்பது நியாயமே. அவருடைய குடியும் கொக்கெய்னும் மேதைமையின் அடையாளம் என்று பேசுவதும் வேண்டாம். அவர் 1984இல் 59 வயதில் இறந்துபோனார். சம்சு என்ற மலிவுச் சாராயம் எத்தனை தோட்டக் குடும்பங்களை அழித்தது என்று அறிந்த நாம் அப்படிப் பேசலாமா?

எனக்கு அதிகம் வருத்தம் தருவது, 'ஜூனியர் போனர்' (1972) படத்தை யாரும் தொடாமல் விடுவது. அதில் ஒரு கொலைகூட இல்லை, வசூலும் இல்லை. காளைச் சவாரி செய்யும் மகன் ஊர் திரும்புகிறான். அப்பாவின் பழைய வீட்டை இயந்திரம் இடித்துத் தள்ளுகிறது. அப்பாவின் நிலத்தை வாங்கிய தம்பி அங்கே வீடு விற்கும் வியாபாரத்தில் இறங்கியிருக்கிறான். தோட்டத்தை விற்று, தொழிலாளர்களின் லயத்து வீடுகளை இடித்து, அங்கே தாமான் என்ற புதுக் குடியிருப்பு எழும்பியதைக் கண்ட நம் பெரியவர்களுக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மண்டபத்தில் படம் போட நினைப்பவர்கள் இதில் தொடங்குங்கள், குடும்பத்தோடு பார்க்கலாம். 'தி வைல்ட் பன்ச்' அப்புறம், பெரியவர்களுக்கு மட்டும். அதுவும் வெட்டுப்படாத 145 நிமிடப் பிரதியைத் தேடிப் பிடித்துப் போடுங்கள்.