கற்பனை எண்களைச் சுருக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கற்பனை அலகை இங்கே 'ஐ' என்று குறிப்போம்; ஐ² = −1 என்பதே அதன் வரையறை. இதில் நேரும் பிழைகளுள் மிகவும் கவனிக்க வேண்டியது √(−4) × √(−9) போன்ற பெருக்கலில் வருவதுதான். மெய்யெண்களில் பழகிய வழக்கப்படி உள்ளிருப்பவற்றை முதலில் பெருக்கி, √36 = 6 என்று பலர் எழுதிவிடுகிறார்கள். சரியான விடை −6. ஏனெனில் √(−4) = 2ஐ, √(−9) = 3ஐ; பெருக்கினால் 6ஐ², அதாவது −6. இரு வர்க்கமூலங்களை ஒரே மூலக்குறிக்குள் சேர்க்கும் விதி, உள்ளிருக்கும் எண்கள் இரண்டுமே குறை எண்களாக இருக்கும்போது செல்லாது. செல்லும் என்று கொண்டால் √(−1) × √(−1) = √1 = 1 என்றாகிவிடும்; வரையறையோ −1 என்கிறது.

வகுத்தலிலும் இதே ஆபத்து உண்டு, ஆனால் அது எளிதில் கண்ணில் படுவதில்லை. √36 ÷ √(−4) என்பதை √(−9) என்று மாற்றினால் 3ஐ கிடைக்கும். உண்மையில் அது 6 ÷ 2ஐ, அதாவது −3ஐ. ஆகவே குறை எண்ணின் வர்க்கமூலத்தைக் கண்டவுடனேயே, வேறெந்தச் செயலுக்கும் முன்பாக, அதை ஐ கொண்டு எழுதிவிட வேண்டும். 1777-இல் கணிதவியலாளர் ஆய்லர் இந்த அலகுக்கென ஒரு தனி எழுத்தைக் கையாண்டதன் அருமை இங்கேதான் புலப்படுகிறது: மூலக்குறி மறைந்துவிட்டால், அதன் விதியைத் தவறாகப் பயன்படுத்த இடமே இல்லை.

அடுக்குகளில் ஐ, −1, −ஐ, 1 என்ற நான்கு மதிப்புகளே சுழன்று வருவதால், அடுக்கெண்ணை 4-ஆல் வகுத்து மீதியைப் பார்த்தால் போதும். மீதி 0 என்றால் விடையையும் 0 என்று எழுதிவிடுவது தவறு; ஐ⁴⁸ = 1. கடைசி இலக்கத்தை மட்டும் பார்ப்பதும் தவறு, கடைசி இரண்டு இலக்கங்கள் தேவை: ஐ¹⁷ = ஐ, ஐ²⁷ = −ஐ.

அடைப்புக்குறியை விட்டுவிட்டால் குறி மாறலாம். −ஐ² = 1, ஆனால் (−ஐ)² = −1. (2ஐ)³ என்பதில் 2-க்கும் அடுக்கு உண்டு என்பதால் விடை −8ஐ, −2ஐ அன்று.

குறை அடுக்குகளில் மீதியைக் காண்பதில்தான் தடுமாற்றம் மிகுதி. ஐ⁻⁷ என்பதில் 7-இன் மீதி 3 என்பதைக் கொண்டு −ஐ என்று முடித்துவிடக் கூடாது; −7 = 4 × (−2) + 1 என்பதால் விடை ஐ. ஐயம் எழுந்தால் ஐ⁷ = −ஐ என்பதோடு பெருக்கிப் பாருங்கள்: ஐ × (−ஐ) = 1.