‘நாங்க பார்த்துக்கிட்டுத்தானே இருக்கோம்!’: சின்னக் குழந்தை உள்ள வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தை தவழத் தொடங்கியதும் பலர் முதலில் வாங்குவது மேசை முனையில் ஒட்டும் ரப்பரும், பிளக் ஓட்டையை அடைக்கும் மூடியும்தான். வாங்குங்கள், நல்லதுதான். ஆனால் உயிருக்கே உலை வைக்கும் பொருட்கள் குளியலறையிலும் பூஜை அலமாரியிலும் தாத்தாவின் தலைமாட்டிலும் இருக்கின்றன. அதைச் சொன்னால், “நாங்க பார்த்துக்கிட்டுத்தானே இருக்கோம்” என்பார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. அடுப்பில் பால் பொங்கும், வாசலில் யாரோ கூப்பிடுவார்கள், போன் அடிக்கும். யாரும் பார்க்காத அந்த இரண்டு நிமிடத்திலும் ஆபத்து வராதபடி வீட்டை மாற்றி வைக்க வேண்டும்.

முதலில் தண்ணீர். குழாயில் தண்ணீர் வராத நேரத்துக்கென்று வாளியிலும் டிரம்மிலும் பிடித்து வைக்காத வீடு நம் ஊரில் குறைவு. நடை பழகும் குழந்தைக்கு உடம்பின் அளவுக்குத் தலைக்கனம் அதிகம்; அதனால் எளிதில் முன்பக்கம் சாய்ந்துவிடும். வாளிக்குள் எட்டிப் பார்க்கும்போது தலைகுப்புற விழுந்தால் தானாக எழ முடியாது. சில அங்குலத் தண்ணீரே போதும். விழுந்தால் சத்தம் கேட்கும், ஓடிப்போய்த் தூக்கிவிடலாம் என்று நம்பாதீர்கள். வாயும் மூக்கும் தண்ணீருக்குள் இருக்கும் குழந்தையால் அழ முடியாது. வேலை முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். பிடித்து வைத்தே ஆக வேண்டுமென்றால் இறுக மூடும் டிரம் வாங்குங்கள். குளியலறைக் கதவின் வெளிப்பக்கம், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். சம்ப் மேல் பலகையைப் போட்டுச் செங்கல் வைப்பதெல்லாம் மூடி ஆகாது. பூட்டுப் போடுகிற இரும்பு மூடி வேண்டும். தண்ணி லாரி வந்து போனதும் அதைப் பூட்டினார்களா என்று நீங்களே போய்ப் பாருங்கள்.

குளிக்க வைக்கும்போது வெந்நீரை முதலில் ஊற்றிவிட்டு விளாவத் தண்ணீர் எடுக்கத் திரும்புவதும் தவறுதான். பச்சைத் தண்ணீர் முதலில், வெந்நீர் பிறகு. வாளியில் போடும் ஹீட்டர் ராடு சுடவும் செய்யும், ஷாக்கும் அடிக்கும். குழந்தை வளரும்வரை அது வீட்டிலேயே வேண்டாம்.

அடுத்தது, பலர் நினைத்தே பார்க்காத கற்பூரம். பூஜைத் தட்டில் கற்கண்டும் கற்பூர வில்லையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இரண்டும் வெள்ளை, இரண்டும் சின்னது. நேற்று பிரசாதமாகக் கற்கண்டு வாங்கிச் சாப்பிட்ட குழந்தை இன்று எதை எடுக்கும்? கொஞ்சம் உள்ளே போனாலே சில நிமிடங்களில் வலிப்பு வந்துவிடும். சளிக்கென்று நீலகிரித் தைலத்தைக் குடிக்கக் கொடுத்தாலும் இதே ஆபத்து உண்டு. பீரோவில் போடும் அந்துருண்டையும் மிட்டாய் போலத்தான் தெரியும். விழுங்கினால் சில குழந்தைகளுக்கு ரத்தத்தின் சிவப்பணுக்களையே அழித்துவிடும்.

தெருவில் விற்கும் பினாயிலையும் ஆசிட்டையும் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் வாங்கி வைக்காதீர்கள். பாட்டிலைப் பார்த்தால் குடிக்கத் தோன்றும்; மேலே ஒட்டிய சீட்டைக் குழந்தை படிக்காது. மண்ணெண்ணெய்க்கும் பெயின்ட் தின்னருக்கும் இதே விதி.

தாத்தா பாட்டியின் மாத்திரைகளைப் பற்றி வீட்டில் வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. பெரியவர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. கிழமை எழுதிய மாத்திரை டப்பாவின் மூடி, விரல் நுனியால் நெம்பினாலே திறந்துகொள்ளும். சுகர் மாத்திரைகளில் சில வகை ஒன்றே ஒன்று உள்ளே போனாலும் குழந்தையின் ரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும், அதுவும் பல மணி நேரம் கழித்து. விளையாடிக்கொண்டுதானே இருக்கிறான் என்று வீட்டிலேயே வைத்திருக்கக் கூடாது. ஊரிலிருந்து வரும் உறவினரின் கைப்பையையும் வந்த உடனே பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

ரிமோட்டிலும் விளக்கெரியும் பொம்மையிலும் இருக்கும் பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் உட்புறத்தை அரித்துப் புண்ணாக்கிவிடும். பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ இல்லாத பொம்மையை வாங்காதீர்கள். விழுங்கியிருப்பானோ என்ற சந்தேகம் வந்தாலே போதும், எக்ஸ்ரே எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

“எல்லாத்தையும் மேலே வெச்சாச்சு” என்பதையும் நம்ப வேண்டாம். பிளாஸ்டிக் நாற்காலியைக் குழந்தையால் இழுத்துக்கொண்டு போக முடியும். பால்கனியிலும் ஜன்னலோரத்திலும் ஏறி நிற்க எதுவும் இருக்கக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் ஏதாவது நடந்துவிட்டால்: தீப்புண்ணுக்கு மாவு, மை, டூத்பேஸ்ட் எதையும் தடவாமல் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். எதையாவது விழுங்கியிருந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஆசிட் வெளியே வரும்போது இன்னொரு முறை சுடும், மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். 108-ஐக் கூப்பிடுங்கள். குடித்த பாட்டிலையோ மாத்திரை அட்டையையோ கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.