"ரெண்டு நாள் நிறுத்திட்டு வரேன்": ஏ.ஏ. கூட்டத்துக்குப் புதிதாகப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்பது குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் கூடி, ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு. அதன் கூட்டத்துக்கு நேரம் தவறி வருவது, அடுத்தவர் பேசும்போது குறுக்கே புகுவது எல்லாம் நாலு கூட்டத்தில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடலாம். டெல்டாவில் புதிதாக வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்ப்பவை வேறு.

நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும் என்று நினைப்பது

ஆளையே கொண்டுபோகிற தவறு இது. "வாய் நாத்தத்தோட எப்படிங்க வர்றது? ரெண்டு நாள் நிறுத்திட்டு சுத்தமா வரேன்" என்பார்கள். அப்படி யாரும் கேட்கவில்லை. ஏ.ஏ.வின் மரபுகள் என்கிற பொது நெறிகளில் மூன்றாவது சொல்லும் ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். நிறுத்தியிருக்க வேண்டும் என்று அதில் இல்லை. குடித்திருந்தாலும் பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்து கேட்கலாம்.

காலையில் ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் கை நடுக்கம் நிற்கும் என்கிற நிலையில் இருப்பவர் சட்டென்று நிறுத்தினால் உடம்பு திருப்பி அடிக்கும். வருஷக்கணக்கில் சாராயம் மூளையை அமுக்கி வைக்க, மூளையும் ஈடுகொடுக்கத் தன் வேகத்தைக் கூட்டி வைத்திருக்கிறது. அமுக்கியதை எடுத்ததும் வேகம் மட்டும் மிஞ்சும். கடைசியாகக் குடித்து 6 முதல் 8 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, வாந்தி. 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறும்: சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார், காய்ச்சல் ஏறும். காத்து கருப்பு என்று வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போவது இந்தக் கட்டத்தில்தான். விட்டால் உயிர் போகக்கூடும். மாலை போட்ட அன்றோ, கோயிலில் கயிறு கட்டிய அன்றோ ஒரேயடியாக நிறுத்துகிறவருக்கும் இதேதான்.

இதைவிட எரிச்சல், நடுங்குகிறவரைத் தெருமுனை கிளினிக்கில் படுக்கவைத்து "ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்பது. நாள்பட்டுக் குடிக்கிறவர் உடம்பில் தையமின் என்கிற வைட்டமின் பி1 வற்றிப்போயிருக்கும். குளுக்கோஸை எரிக்க அதுதான் வேண்டும். வெறும் குளுக்கோஸ் ஏறினால் மிச்சமிருந்ததும் தீர்ந்து, கண் அசைவு கெட்டு, நடை தள்ளாடி, நினைவு போகலாம். போன நினைவு பலருக்கு முழுசாகத் திரும்புவதில்லை. தையமின் ஊசி முதலில், குளுக்கோஸ் அப்புறம். இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

தஞ்சாவூரோ திருவாரூரோ, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். ஒரு நாளைக்கு எத்தனை குவார்ட்டர், கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, முன்பு வலிப்பு வந்ததா: இந்த மூன்றையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். குளோர்டயசெபாக்சைடு போன்ற மாத்திரை கொடுத்து, ஒரு வாரம் போலப் படிப்படியாகக் குறைப்பார்கள். அதை மருந்துக்கடையில் தானே கேட்டு வாங்குவது வேண்டாம். வலிப்பு வந்தால் 108. சிகிச்சை நடக்கும்போதே கூட்டத்துக்கும் போகலாம்.

மறுவாழ்வு மையமும் கூட்டமும் ஒன்று என நினைப்பது

ஏ.ஏ.வில் கட்டணம் கிடையாது. முடிவில் ஒரு பை சுற்றி வரும், இருந்தால் பத்து ரூபாய் போடலாம். "வண்டி அனுப்புறோம், ஆளைத் தூக்கிட்டு வந்துடுவோம்" என்று பணம் பேசினால் அது வேறு தொழில். மையத்தில் சேர்ப்பதானால் மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

சர்ச் வாசலைப் பார்த்துத் திரும்பிவிடுவது

இடம் கிடைப்பது பல ஊரில் சர்ச் வளாகத்திலோ பள்ளி வகுப்பறையிலோதான். கூட்டத்துக்கு மதம் இல்லை. குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் 12 படிகளில் வரும் கடவுள், அவரவர் புரிந்துகொண்ட கடவுள். உங்கள் ஊர் ஐயனார் போதும்.

கடைசி பஸ்ஸைப் பார்க்காமல் கிளம்புவது

உள்ளூரில் தெரிந்துவிடும் என்று பாபநாசத்துக்காரர் கும்பகோணம் போவதில் தப்பில்லை. ஆனால் கிளம்பும் அன்று காலையே போன் செய்து இடத்தையும் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டம் ஒன்றரை மணி நேரம் வரை போகும். டவுன் பஸ்ஸை விட்டால் பஸ் ஸ்டாண்டில் தனியாக நிற்பீர்கள். டாஸ்மாக் இரவு 10 வரை திறந்திருக்கும். முதல் நாளே இரண்டு பேர் நம்பர் வாங்கிவிடுங்கள். எங்கே விசாரிப்பது என்றே தெரியாவிட்டால் போதை மீட்பு உதவி எண் 14446, அல்லது மனநல உதவி எண் 14416. இரண்டும் இலவசம்.

வீட்டம்மாவை வாசலில் உட்காரவைப்பது

மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டும். திறந்த கூட்டத்துக்கு யாரும் வரலாம். எது என்று முன்பே கேளுங்கள். குடும்பத்தாருக்கு அல்-அனான் தனி.

சாம்பாரில் மாத்திரை கலப்பது

கூடவே கூடாது. குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற மாத்திரை டைசல்ஃபிரம். அது உள்ளே இருப்பது தெரியாமல் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து ஆளே போகலாம்.

கூட்டத்தில் கேட்டதை டீக்கடையில் சொல்வது

ஒரு தடவை போதும். அந்த ஆள் திரும்ப வரமாட்டார்.

"நடவு முடியட்டும்"

ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் குறுவை, அதை அறுத்தால் தாளடி, பக்கத்து வயலில் சம்பா. தை அறுப்புக்கு முன்னாலேயே உளுந்து தெளித்தாகிவிடும். வேலை ஓயட்டும் என்று காத்திருந்தால் கூட்டத்துக்குப் போகும் நாளே வராது.