வேலூர் வெயிலில் உட்கார ஒரு நாற்காலி: அளவெடுப்பதிலிருந்து நாடா பின்னுவது வரை

வேலூரில் பங்குனி கடந்ததும் வெயில் நாற்பது பாகைக்கு மேல் ஏறிவிடும். அந்த நாட்களில் பஞ்சுறை வைத்து ரெக்சின் போர்த்திய சோபாவில் கால்மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு வரும். எங்கள் வீட்டுக்கு நான் முதலில் வாங்கிய நாற்காலிகள் அப்படிப்பட்டவையே. பார்ப்பதற்கு அழகாக இருந்தன. ஆனால் என் அம்மா அவற்றின் விளிம்பில்தான் உட்காருவார். சாய்ந்தால் கால் தரையில் எட்டாது. அதன் பிறகுதான் ஓர் ஆசாரியிடம் சொல்லி, கை வைத்த, நாடா பின்னிய நாற்காலி ஒன்றைச் செய்துகொண்டோம். அதைச் செய்யும் முறையை, அளவுகளோடு இங்கே எழுதுகிறேன்.

இன்று பலர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி “இதைப் போலவே வேண்டும்” என்று கேட்கிறார்கள். அவற்றுள் அடிக்கடி வருவது, 1950களில் சண்டிகர் நகரம் உருவானபோது கட்டடக் கலைஞர் பியர் ழான்னரே வடிவமைத்த நாற்காலி. கவராயத்தை விரித்து நிறுத்தியது போன்ற கால்களைக் கொண்டது. அதைப் பார்த்துச் செய்பவர்கள் காலின் வடிவத்தை எடுத்துக்கொண்டு, இருக்கையில் தடித்த பஞ்சுறையை வைத்துவிடுகிறார்கள். தேக்குச் சட்டமும், காற்றுப் புகும் பிரம்புப் பின்னலும் சேர்ந்திருப்பதால்தான் அந்த நாற்காலி வெயில் ஊருக்குப் பொருந்தியது. அதிலிருந்து எதையாவது எடுத்துக்கொள்வதென்றால் முதலில் அந்தப் பின்னலைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மரம் வாங்குவதற்கு முன் அளவெடுக்க வேண்டும். கடைகளில் விற்கும் நாற்காலிகளின் இருக்கை பெரும்பாலும் தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். செருப்போ ஷூவோ அணிந்த காலுக்கு அது பொருந்தலாம். நாம் வீட்டுக்குள் வெறுங்காலோடு இருப்பவர்கள் என்பதால் அந்த அளவிலேயே இரண்டு மூன்று சென்டிமீட்டர் மிகை. குள்ளமானவர்களுக்கு இன்னும் மிகை. எனவே உட்காரப் போகிறவரை ஒரு முக்காலியில் நேராக உட்கார வைத்து, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்துகொள்ளுங்கள். இருக்கையின் முன்விளிம்பு அந்த அளவுக்கு மேல் போகக் கூடாது. அடுத்து, முதுகு சுவரைத் தொடுமாறு உட்கார வைத்து, சுவரிலிருந்து அதே மடிப்பு வரை அளந்து, அதில் 5 சென்டிமீட்டரைக் கழித்தால் இருக்கையின் ஆழம் கிடைக்கும்.

அளவு நாடா சொல்வதை உடம்பும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குச் செங்கல் போதும். அம்மாவின் பின்மடிப்பு உயரம் 39 சென்டிமீட்டர். இரண்டு பக்கமும் ஐந்தைந்து செங்கற்களைப் படுக்கையாக அடுக்கினேன். ஒரு கல் ஏறக்குறைய 7.5 சென்டிமீட்டர் என்பதால் உயரம் 37.5 ஆயிற்று. அதன்மேல் ஓர் அங்குலப் பலகையை வைத்து உட்காரச் சொன்னபோது குதிகால் தரையில் முழுதாகப் பதியவில்லை. ஒரு தாளைச் செருகினால் உள்ளே போனது. பலகையை எடுத்துவிட்டு 12 மில்லிமீட்டர் பிளைவுட்டை வைத்ததும் குதிகால் படிந்தது. ஒரு சென்டிமீட்டர் சொச்சம் செய்யும் வேலை அது. அரைமணி நேரம் கீரை ஆய்ந்துகொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். ஆசாரியிடம் கொடுக்க வேண்டிய அளவு அப்போதுதான் உறுதியாயிற்று.

உயரத்தைக் குறைத்தால் மூட்டுவலி உள்ளவர்கள் எழுந்திருக்கச் சிரமப்படுவார்களே என்ற கேள்வி எழும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. நாற்காலியின் கைகள் இருக்கையிலிருந்து 20 முதல் 22 சென்டிமீட்டர் உயரத்தில், முன்விளிம்பு வரை நீண்டு, ஊன்றினால் அசையாதபடி இருக்க வேண்டும். கீழே முன்கால்களை இணைக்கும் குறுக்குச் சட்டம் இருக்கவே கூடாது. எழும்போது நாம் இயல்பாகவே பாதங்களைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறோம். பெட்டி போல மூடிய சோபாவில் அதற்கு இடம் இருப்பதில்லை. சம்மணம் போட்டு உட்காரும் பழக்கமுள்ளவர்களுக்கு இந்தக் கைகள் இடைஞ்சல்தான். அவர்களுக்குக் கையில்லாமல், 65 சென்டிமீட்டர் அகலத்தில் தனியாகச் செய்வதே நல்லது.

மரத்துக்குப் புதுத் தேக்கைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆரணி, ஆற்காடு, வாலாஜா பக்கங்களில் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்திரங்களும் நிலைகளும் பல பத்தாண்டுகள் காய்ந்தவை. அவை இனி முறுக்கிக்கொள்வது அரிது. உள்ளே ஆணி இருக்கிறதா என்று பார்த்த பிறகே அறுக்கக் கொடுக்க வேண்டும். வேம்பும் பூவரசும் நன்றாகவே உழைக்கும். எந்த மரமானாலும் வைரம் பாய்ந்த பகுதியைத்தான் எடுக்க வேண்டும்; வெளுத்த ஓரப்பகுதியில் கரையான் எளிதில் ஏறும். மரம் காய்ந்துவிட்டதா என்று அறிய ஒரு துண்டை நிறுத்து எழுதிவைத்து, இரண்டு வாரம் நிழலில் போட்டு, மறுபடி நிறுத்துப் பாருங்கள். எடை குறைந்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஐப்பசி மழையில் இழைத்த ஈர மரம் அடுத்த அக்கினி நட்சத்திரத்தில் வாய் பிளக்கும்.

மரக்கடையில் கணக்கு கன அடியில் இருக்கும். நீளம், அகலம், தடிமன் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 1728ஆல் வகுத்தால் கன அடி வரும். நான்கடி நீளம், ஆறு அங்குல அகலம், இரண்டு அங்குலத் தடிமன் கொண்ட பலகை மூன்றில் ஒரு கன அடி. இதைத் தெரிந்துகொண்டு போனால் பேரம் பேசுவது எளிது.

மூட்டுகளை ஆணியிலோ திருகாணியிலோ விடாமல், கழுந்தும் துளையுமாக, அதாவது ஒரு சட்டத்தின் முனையைச் செதுக்கி மற்றதன் துளையில் செருகுமாறு, போடச் சொல்லுங்கள். 45 மில்லிமீட்டர் கால் என்றால் கழுந்தின் கனம் 15 மில்லிமீட்டர், அதாவது மூன்றில் ஒரு பங்கு. இருக்கையைச் சுற்றியுள்ள நான்கு சட்டங்களும் 3 சென்டிமீட்டருக்குக் குறையாத தடிமனோடு இருக்க வேண்டும், ஏனெனில் இறுக்கிப் பின்னிய நாடா அவற்றை உள்நோக்கி வளைக்கப் பார்க்கும். சட்டங்களின் விளிம்புகளை இழைப்புளியால் நன்றாக உருட்டிவிட வேண்டும். கூர்மையாக விட்டால் நாடா அறும், தொடையும் வலிக்கும்.

இருக்கைக்கு நான் பரிந்துரைப்பது கட்டிலுக்குப் போடும் இரண்டு அங்குலப் பருத்தி நாடாதான். பாலியஸ்டர் நாடா தொய்யாது என்பது உண்மை, ஆனால் வியர்வையை உறிஞ்சாது. 48க்கு 42 சென்டிமீட்டர் இருக்கைக்கு, சட்டத்தைச் சுற்றி மேலும் கீழுமாக ஓட்டினால், இரு திசையும் சேர்த்து 18 மீட்டர் ஆகும்; 20 மீட்டராக வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் முன்னிருந்து பின்னாக ஓட்டி, பிறகு குறுக்கே ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோக்க வேண்டும். முனைகளைச் சட்டத்தின் அடிப்புறத்தில் அடிக்க வேண்டும். உட்கார்ந்தால் நாடா நடுவில் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குத் தாழும், அதுவே வேண்டிய பின்சரிவைத் தந்துவிடும். ஆகவே பின்சட்டத்தைத் தனியாக இறக்க வேண்டியதில்லை. ஓராண்டுக்குப் பின் ஒருமுறை அவிழ்த்துத் துவைத்து, மறுபடி இறுக்கிக் கட்ட வேண்டும்.

மரத்துக்கு ஆளிவிதை எண்ணெயை மூன்று முறை மெலிதாகத் தேய்த்தால் போதும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. தண்ணீரில் நனைத்து விரித்துக் காயவிட்டு, பிறகு அப்புறப்படுத்துங்கள். அரக்குப் பாலிஷ் பளபளக்கும், ஆனால் சூடான காபி டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும். தினமும் தரை துடைக்கும் வீட்டில் கால்களின் அடிப்பகுதிதான் முதலில் உளுத்துப்போகும் என்பதால், அங்கே எண்ணெயை ஊறவிட்டு நைலான் குமிழ்களை அடித்துவிடுங்கள்.

கடைசியாக, கைகளுக்குத் தோல். ராணிப்பேட்டையும் ஆம்பூரும் பக்கத்தில் இருக்கும்போது ரெக்சினை நாடுவதில் பொருளில்லை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோலைக் கேட்டு வாங்குங்கள். இப்போது பெரும்பாலும் கிடைப்பது குரோமியத்தில் பதனிட்டது. பாலாற்றங்கரைக் கிணறுகள் தோல் கழிவால் பட்ட பாட்டை அறிந்தவர்கள் பட்டையில் பதனிட்ட தோலைக் கேட்காமல் இருக்க மாட்டார்கள். இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள தோலைக் கையைச் சுற்றிப் போர்த்தி, அடிப்பக்கத்தில் மெழுகு நூலால் தைக்க வேண்டும். புதிதில் வெளிர் மஞ்சளாக இருக்கும் இது வெயிலிலும் கைபட்டும் பழுப்பேறும். எங்கள் நாற்காலியில், அம்மா ஊன்றி எழும் வலப்பக்கக் கையின் நுனி இடப்பக்கத்தைவிடக் கறுத்திருக்கிறது. தையல் முதலில் விடுவதும் அந்த இடத்தில்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாற்காலியைத் திருப்பி அந்தத் தையலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.