எக்செல்லில் எந்தக் குறுக்குவிசைகளை முதலில் பழகுவது?

எக்செல்லில் குறுக்குவிசைகள் நூற்றுக்கும் மேல் உள்ளன. அவற்றைப் பட்டியலாக அச்சிட்டு மேசைக்கு எதிரே ஒட்டி வைப்பவர்களில் பலர் கன்ட்ரோல்+சி, கன்ட்ரோல்+வி ஆகிய இரண்டோடு நின்றுவிடுவதற்குக் காரணம், எதை முதலில் பழக வேண்டும் என்பதை அந்தப் பட்டியல் சொல்வதில்லை. எக்செல் வேலையில் பெரும்பகுதி நேரத்தைத் தின்பது ஆயிரக்கணக்கான வரிசைகளை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுப்பதுதான். ஆகவே நகர்வதற்கும் தேர்ந்தெடுப்பதற்கும் உரிய விசைகளை முதலில் கைப்பழக்கமாக்கிக்கொண்டு, மற்றவற்றை வேலை கேட்கும்போது சேர்த்துக்கொள்வது நல்லது. ஒரு கடையின் மாத விற்பனைப் பதிவேட்டை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்: ஏ நெடுவரிசையில் தேதி, பி-யில் பில் எண், சி-யில் வாடிக்கையாளர் பெயர், டி-யில் பொருள், இ-யில் அளவு, எஃப்-இல் விலை, ஜி-யில் தொகை, எச்-இல் ஜிஎஸ்டி.

கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு அம்புக்குறி விசையைத் தட்டினால், கர்சர் தரவு முடியும் செல்லுக்கு ஒரே தாவலில் போய்விடும். ஷிஃப்டையும் சேர்த்துப் பிடித்தால், தாவிய தூரம் முழுவதும் தேர்வாகிவிடும். வெற்று செல் குறுக்கிட்டால் தாவல் அதற்கு முன்பே நின்றுவிடும் என்பதால், பில் எண் நெடுவரிசையில் கன்ட்ரோல்+கீழ் அம்பு நடுவழியில் நின்றால், அங்கே ஒரு எண் விடுபட்டிருக்கிறது என்று உடனே தெரிந்துகொள்ளலாம். ஒன்றுமே எழுதாத நெடுவரிசையில் இதைத் தட்டினால் ஷீட்டின் கடைசி வரிசையான 10,48,576-இல் போய் நிற்கும்; புதியவர்கள் இங்கே திகைத்துப்போவது வழக்கம். கன்ட்ரோல்+ஹோம் தட்டினால் மேலே வந்துவிடலாம். இதன் எதிர்ப்பக்கமான கன்ட்ரோல்+எண்ட், பயன்பாட்டில் உள்ள கடைசி செல்லுக்குக் கொண்டுபோகும். பதிவேடு 3,000 வரிசையில் முடிந்திருக்க, அது 40,000-ஆவது வரிசையில் போய் நின்றால், இடையில் எங்கோ வண்ணமோ கட்டமோ போட்டுவிட்டு மறந்திருக்கிறார்கள் என்று பொருள். அந்த வரிசைகளை நீக்கிவிட்டுச் சேமித்தால், கோப்பின் அளவும் பல நேரங்களில் குறைந்துவிடும்.

முழு நெடுவரிசையைத் தேர்ந்தெடுக்கக் கன்ட்ரோல்+ஸ்பேஸ், முழு வரிசைக்கு ஷிஃப்ட்+ஸ்பேஸ். அப்படித் தேர்ந்தெடுத்த பின் கன்ட்ரோலுடன் கூட்டல் குறியைத் தட்டினால் புதிதாக ஒன்று நுழையும்; கழித்தல் குறியைத் தட்டினால் தேர்ந்தெடுத்தது நீங்கும்.

இனி ஃபார்முலாவுக்கு வருவோம். வரி விகிதமான 18 சதவீதத்தைக் கே1 செல்லில் எழுதிவிட்டு, எச்2-இல் =ஜி2*கே1 என்று கொடுத்துக் கீழே நகலெடுத்தால், அடுத்த வரிசையில் கே1 என்பது கே2 ஆகிவிடும்; அங்கே ஒன்றும் இல்லாததால் வரி பூஜ்யம் என்று வரும். ஃபார்முலாவில் கே1 என்று எழுதியவுடன் எஃப்4-ஐ ஒருமுறை தட்டினால் அது $கே$1 என்று நிலைத்துவிடும். மீண்டும் தட்டினால் வரிசை மட்டும், மூன்றாம் முறை நெடுவரிசை மட்டும், நான்காம் முறை பழையபடி என்று சுற்றிவரும். ஃபார்முலா எழுதாத நேரத்தில் இதே எஃப்4 கடைசியாகச் செய்த செயலைத் திரும்பச் செய்யும்: ஒரு செல்லுக்கு மஞ்சள் நிறம் கொடுத்துவிட்டு, வேறு செல்லுக்குப் போய் எஃப்4 தட்டினால் அதுவும் மஞ்சளாகும்.

எச்2-இல் எழுதிய ஃபார்முலாவை 3,000 வரிசைகளுக்கும் இறக்க, இடப்பக்கம் ஜி2-க்கு நகர்ந்து கன்ட்ரோல்+கீழ் அம்பு தட்ட வேண்டும்; அடியில் நின்றதும் வலது அம்பால் எச் நெடுவரிசைக்கு வந்து, கன்ட்ரோல்+ஷிஃப்ட்+மேல் அம்பு தட்டினால் எச்2 வரை தேர்வாகும்; பிறகு கன்ட்ரோல்+டி. எழுதிக் காட்டினால் நீளமாகத் தெரிந்தாலும் கையில் இது 2 நொடி வேலை. செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் இருமுறை சொடுக்கினாலும் இதே பலன் கிடைக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது ஏற்கெனவே பழகியிருந்தால் விட வேண்டியதில்லை.

குறுக்குவிசைகளின் உண்மையான பலம், பல விசைகள் தொடராகச் சேரும் இடத்தில்தான் தெரியும். பில்லிங் மென்பொருளிலிருந்து எடுத்த பதிவேடுகளில், ஒரே வாடிக்கையாளருக்குப் பத்துப் பொருள் விற்றிருந்தால், பெயர் முதல் வரிசையில் மட்டும் இருந்து, அடுத்த ஒன்பதும் வெற்றாக வருவதுண்டு. அப்படியே அந்தப் பெயருக்கு ஃபில்டர் (வேண்டிய வரிசைகளை மட்டும் காட்டும் வசதி) போட்டால் ஒரு வரிசைதான் கிடைக்கும். இதைச் சரிசெய்ய, சி நெடுவரிசையில் நின்று கன்ட்ரோல்+ஸ்பேஸ் தட்டி, பிறகு எஃப்5 தட்ட வேண்டும். திறக்கும் பெட்டியில் ஆல்ட்+எஸ், அடுத்த பெட்டியில் கே, பின்பு என்டர். இப்போது பதிவேட்டுக்குள் வெற்றாக உள்ள பெயர் செல்கள் மட்டும் தேர்வாகியிருக்கும். வேறு எங்கும் சொடுக்காமல் சமக்குறியைத் தட்டி, மேல் அம்பை ஒருமுறை அழுத்தி, என்டருக்குப் பதிலாகக் கன்ட்ரோல்+என்டர் கொடுத்தால், ஒவ்வொரு வெற்று செல்லும் தனக்கு மேலே உள்ள பெயரை எடுத்துக்கொள்ளும்.

இதோடு வேலை முடியவில்லை. அந்தப் பெயர்கள் இன்னும் மேல் செல்லைச் சார்ந்த ஃபார்முலாக்களாகவே இருப்பதால், தேதிவாரியாகவோ தொகைவாரியாகவோ வரிசைப்படுத்தியவுடன் ஒருவருடைய விற்பனை இன்னொருவர் பெயரில் ஏறிவிடும். எனவே அதே நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல்+சி, கன்ட்ரோல்+ஆல்ட்+வி, அடுத்து வி, என்டர் என்று தட்டி, மதிப்புகளாக மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்க வேண்டும். பெயர்கள் ஃபார்முலாவாக உள்ளவரை பதிவேடு பார்வைக்குச் சரியாகத்தான் தெரியும்; பிழை வெளியே வர மாதக் கடைசி ஆகும்.

ஃபில்டருக்குக் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+எல், தலைப்பு செல்லில் நின்று ஆல்ட்+கீழ் அம்பு தட்டினால் அதன் பட்டியல் திறக்கும். ஃபில்டர் செய்த வரிசைகளை நகலெடுத்தால் கண்ணுக்குத் தெரிபவை மட்டும் போகும். ஆனால் கையால் மறைத்த வரிசைகள் நகலில் சேர்ந்தே வரும் என்பதால், நகலெடுக்கும் முன் ஆல்ட்டுடன் அரைப்புள்ளியைத் தட்டித் தெரிபவற்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். அதே அரைப்புள்ளியைக் கன்ட்ரோலுடன் தட்டினால் இன்றைய தேதி விழும். நாளை கோப்பைத் திறந்தாலும் அது மாறாது. பில் தேதிக்கு, திறக்கும் நாளுக்கேற்ப மாறிவிடும் டுடே ஃபார்முலாவைப் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கூட்டுத்தொகைக்கு ஆல்ட்டும் சமக்குறியும் போதும். எண்களுக்குக் காற்புள்ளியும் 2 தசம இடமும் வரக் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+1. லட்சம், கோடி என்ற பிரிப்பில் காற்புள்ளி விழாவிட்டால், விண்டோஸின் ரீஜன் அமைப்பில் ஆங்கிலம் (இந்தியா) என்று தேர்ந்தெடுக்க வேண்டும்.

விசைகள் சொன்னபடி கேட்காத தருணங்கள் சில உண்டு. அம்புக்குறியைத் தட்டினால் செல் மாறாமல் ஷீட் மட்டும் நகர்ந்தால், ஸ்க்ரோல் லாக் விழுந்திருக்கிறது. அந்த விசையே இல்லாத மடிக்கணினியில், விண்டோஸ்+கன்ட்ரோல்+ஓ தட்டித் திரை விசைப்பலகையைத் திறந்து அணைக்கலாம். எஃப்4 தட்டினால் ஒலி அளவோ திரை வெளிச்சமோ மாறினால், எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். ஃபார்முலாவின் நடுவே ஓர் எழுத்தைத் திருத்த அம்புக்குறியைத் தட்டும்போது, அது புதிய செல் பெயரை உள்ளே நுழைத்துவிட்டால், எஃப்2-ஐ ஒருமுறை தட்டுங்கள். அதன்பின் அம்புகள் எழுத்துகளுக்கிடையே மட்டும் நகரும்.

கூகுள் ஷீட்ஸில் வேலை செய்பவர்களுக்குக் கன்ட்ரோல்+அம்பு, கன்ட்ரோல்+டி, எஃப்4 ஆகியவை அப்படியே பயன்படும். ஒட்டும் விசையில் மட்டும் கவனம் தேவை: அங்கே மதிப்பை மட்டும் ஒட்டக் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+வி, எக்செல் பழக்கத்தில் கன்ட்ரோல்+ஆல்ட்+வி தட்டினால், நிறமும் எழுத்து வடிவமும் ஒட்டிக்கொள்ளுமே தவிர எண் வராது.