‘லைவ் ஆஃப்டர் டெத்’ பழைய எல்.பி.: சோதித்து வாங்குவது, கழுவுவது, கேட்பது

பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் இசைக்குழுவான அயர்ன் மெய்டனின் நேரடிக் கச்சேரி ஆல்பம் ‘லைவ் ஆஃப்டர் டெத்’ 1985 அக்டோபரில் இரட்டை எல்.பி.யாக, அதாவது இரண்டு வினைல் இசைத்தட்டுகளாக, வெளியானது. முதல் மூன்று பக்கங்கள் 1985 மார்ச்சில் கலிபோர்னியாவின் லாங் பீச் அரீனாவில் பதிவானவை. நான்காம் பக்கம் 1984 அக்டோபரில் லண்டன் ஹேமர்ஸ்மித் ஓடியனில் பதிவானது. தயாரிப்பு மார்ட்டின் பர்ச். அப்போது வந்த சிடி ஒற்றைத் தட்டு. அதில் இடம் போதாமல் லண்டன் பாடல்கள் ஐந்தையும் விட்டுவிட்டார்கள். 1998-இல் வந்த இரட்டை சிடியில் அவை இருக்கின்றன. எல்.பி. ஆரம்பத்திலிருந்தே முழு ஆல்பத்தையும் சுமந்தது. அதனால்தான் இன்றைக்கும் பழைய பிரதியைத் தேடிப் பிடிக்கிறார்கள்.

புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர்கள் தட்டு பளபளவென்று இருந்தாலே நல்ல தட்டு என்று நம்பிவிடுகிறார்கள். தேய்ந்த தட்டும் பளபளக்கும். இந்த ஆல்பத்தில் மூன்று இடங்களைக் கேட்டால் போதும், தட்டு எப்படி வாழ்ந்தது என்று தெரிந்துவிடும். அதற்கு முன்னால் கண்ணால் பார்க்க வேண்டியவை சில உண்டு.

படி 1: அட்டையும் எண்ணும்

பிரிட்டன் முதல் பதிப்பு இ.எம்.ஐ. வெளியீடு, கேட்டலாக் எண் ‘ஆர்.ஐ.பி. 1’. ‘அமைதியில் உறங்குக’ என்று கல்லறைக் கல்லில் பொறிக்கிற அதே மூன்றெழுத்து. டெரிக் ரிக்ஸ் வரைந்த அட்டையில் குழுவின் சின்னமான ‘எட்டி’ என்ற பிண உருவம் கல்லறையைப் பிளந்துகொண்டு எழுவதோடு பொருத்திப் பாருங்கள், எவ்வளவு அழகாக யோசித்திருக்கிறார்கள்! அமெரிக்கப் பதிப்பு கேபிட்டல் நிறுவனத்துடையது, எண் ‘எஸ்.ஏ.பி.பி. 12441’.

அட்டையின் முதுகில் உள்ள எண், லேபிளில் உள்ள எண், லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் எண், மூன்றும் ஒத்துப்போக வேண்டும். இரண்டு தட்டு உள்ள ஆல்பத்தில் ஒரு தட்டு ஒரு பதிப்பிலிருந்தும் மற்றது வேறு பதிப்பிலிருந்தும் வந்து சேர்ந்திருப்பது சகஜம். நான்கு பக்கத்தையும் பாருங்கள்.

அட்டைப் படத்தின் கல்லறைக் கல்லில் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் வரிகள் இருக்கின்றன. அந்தச் சின்ன எழுத்துகளின் ஓரம் கூர்மையாகத் தெரிய வேண்டும். மசமசவென்று இருந்தால் அட்டையை ஸ்கேன் செய்து அச்சடித்த நகலாக இருக்கலாம்.

விரியும் அட்டை என்பதால் மடிப்பும் முதுகும்தான் முதலில் கிழியும். தட்டின் விளிம்பு உள்ளிருந்து அழுத்தி அட்டையில் வட்டமாகத் தேய்ந்திருந்தால், பெட்டியில் இறுக்கி அடுக்கியோ படுக்கப்போட்டோ வைத்திருந்தார்கள் என்று அர்த்தம். அப்படியானால் தட்டு வளைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கண் மட்டத்தில் பிடித்துச் சுழற்றினால் வளைவு தெரியும்.

படி 2: டார்ச் வெளிச்சம்

தட்டின் விளிம்பையும் லேபிளையும் மட்டும் தொட்டுப் பிடியுங்கள். செல்போன் டார்ச்சைத் தட்டுக்கு மேலே நேராகக் காட்டாமல், பக்கவாட்டில் தாழ்வாகக் காட்டுங்கள்.

மயிரிழைக் கோடுகள் பெரும்பாலும் காகித உறையின் உரசல். சத்தம் அதிகம் வராது. நகத்தில் தட்டுப்படுகிற கீறல் கட்டாயம் கேட்கும். அது குறுக்கே ஓடினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ‘டக்’. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்பதால் 1.8 நொடிக்கு ஒருமுறை வரும். ஊசி ஓடும் ஒலிப் பள்ளத்தோடு ஒட்டி ஓடும் கீறல் அதைவிட மோசம். ஊசி அதில் மாட்டிக்கொண்டு அதே இடத்தில் சுற்றும், இல்லாவிட்டால் தாவும்.

இன்னொன்று, சத்தமான பகுதிகளில் கறுப்பு மங்கிச் சாம்பல் பூத்தாற்போலத் தெரிவது. தேய்ந்த ஊசியால் பலமுறை ஓட்டியதன் அடையாளம் அது. எதைக் கொண்டு கழுவினாலும் போகாது.

படி 3: கேட்க வேண்டிய மூன்று இடங்கள்

நேரடிப் பதிவில் கூட்டத்தின் ஆரவாரம் தட்டின் இரைச்சலை மறைத்துவிடும். அதனால் அமைதியான இடங்களைத் தேடிப் போக வேண்டும்.

முதலாவது, முதல் பக்கத்தின் தொடக்கம். சர்ச்சிலின் பேச்சு ஒலிக்கும், பின்னணியில் பெரிதாக இசை இல்லை. ஊசி வந்து விழுகிற விளிம்புப் பகுதி இதுதான். முந்தைய உரிமையாளர் கை எப்படிப்பட்டது என்பதை இங்கே கேட்டுவிடலாம்.

இரண்டாவது, இரண்டாம் பக்கத்தின் முதல் பாடலான ‘ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மெரினர்’. பதிமூன்று நிமிடப் பாடலின் நடுவே இசை முழுக்க அடங்கி, பேஸ் கிட்டாரும் பேச்சுக் குரலும் மட்டும் நிற்கும். இந்தத் தட்டிலேயே மிகவும் அமைதியான, மிகவும் அழகான இடம். பொரிகிற சத்தம் இருந்தால் ஒளிந்துகொள்ள இங்கே இடமே கிடையாது. லேசான ‘படபட’ என்றால் தூசியாக இருக்கலாம், கழுவினால் குறையும். சீரான இடைவெளியில் ‘டக்’ வந்தால் அது கீறல்.

மூன்றாவது, நான்காம் பக்கத்தின் கடைசிப் பாடலான ‘ஃபேன்டம் ஆஃப் தி ஆபரா’. விளிம்பில் ஊசிக்கடியில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. பள்ளம் ஓடுகிறது. லேபிள் பக்கம் வரும்போது அது ஏறத்தாழ 20 செ.மீ.தான். அதே ஒலியைக் குறுகிய நீளத்தில் அடக்க வேண்டியிருப்பதால் தேய்மானம் முதலில் இங்கேதான் காதில் படும். அந்தப் பக்கம் 25 நிமிடத்தைத் தாண்டுகிறது, எனவே பள்ளம் நன்றாக உள்ளே வரை போகிறது. பாடகர் ‘ஸ’ உச்சரிக்கும்போது மணல் அரைப்பது போலக் கேட்டால் உடனே தட்டைக் குறை சொல்லாதீர்கள். புதிய தட்டு ஒன்றின் கடைசிப் பாடலைப் போட்டுப் பாருங்கள். அதிலும் அதே கரகரப்பு வந்தால் உங்கள் கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசியைத் தாங்கும் சிறு பாகம், பொருத்திய கோணம் தவறு. வராவிட்டால் தட்டு தேய்ந்தது.

இந்த மூன்று இடமும் தேறினால் அட்டையில் சிறு கிழிசல் இருந்தாலும் வாங்குங்கள். அட்டை புதிதாக இருந்து மூன்றாவது இடம் தோற்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

படி 4: கழுவுதல்

தேவையானவை: டிஸ்டில்டு வாட்டர் 800 மி.லி., 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் 200 மி.லி., ஃபிலிம் கழுவப் பயன்படும் வெட்டிங் ஏஜென்ட் 4 சொட்டு, மென்மையான ரெக்கார்டு பிரஷ், நூல் உதிராத மைக்ரோஃபைபர் துணி இரண்டு.

குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள உப்பு காய்ந்து பள்ளத்திலேயே படியும். டிஸ்டில்டு வாட்டரைப் பேட்டரிக் கடையில் வாங்கினால் லேபிளைப் படித்து வாங்குங்கள், ஆசிட்டும் அதே மாதிரி கேனில்தான் இருக்கும். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் கூடாது, அதில் கலந்திருப்பவை படிவு விடும். ஆல்கஹால் தீப்பற்றும், அடுப்படியில் வைத்துக் கலக்காதீர்கள். இந்தக் கலவை வினைல் தட்டுக்கு மட்டும். பழைய 78 ஆர்.பி.எம். அரக்குத் தட்டில் பட்டால் ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும்.

தட்டைத் துணிமேல் வைத்து, லேபிளில் படாமல் கலவையைத் தெளியுங்கள். ஒரு நிமிடம் ஊறட்டும். பிறகு பள்ளம் ஓடும் திசையிலேயே, வட்டமாக, பிரஷை அழுத்தாமல் பத்துச் சுற்று. குறுக்கே தேய்த்தால் அழுக்கே கீறலாக மாறும். அழுக்கு நீரைத் துணியால் ஒற்றி எடுங்கள். அடுத்து வெறும் டிஸ்டில்டு வாட்டர் தெளித்து மீண்டும் ஒற்றுங்கள். பலர் விட்டுவிடுவது இந்தக் கடைசி அலசலைத்தான். கழுவிய பிறகு இரைச்சல் கூடிவிட்டது என்று புலம்புவதற்குக் காரணமும் அதுதான். பள்ளத்தில் தங்கிய கலவை காய்ந்து ஊசியில் பசையாக ஒட்டும்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் நிற்க வைத்துக் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் வளைந்துவிடும்.

படி 5: ஓட்டிப் பார்த்து, எடுத்து வைப்பது

ஊசி தட்டை அழுத்தும் எடையைக் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பாளர் சொன்ன அளவில் வையுங்கள். பல கார்ட்ரிட்ஜ்களுக்கு 2 கிராமை ஒட்டி வரும். தட்டு கெடக் கூடாது என்று எடையைக் குறைப்பது தவறான அக்கறை. எடை போதாத ஊசி பள்ளத்துக்குள் துள்ளிச் சுவரை அடிக்கும். ஒரு பக்கம் முடிந்ததும் ஊசி நுனியைப் பாருங்கள். பஞ்சு திரண்டிருந்தால் பள்ளத்தில் இன்னும் அழுக்கு இருக்கிறது, மறுபடி கழுவுங்கள்.

கழுவிய தட்டைப் பழைய காகித உறைக்குள் திரும்பப் போடாதீர்கள். ஆன்டிஸ்டாட்டிக் உறை வாங்கி அதில் போடுங்கள். மூல உறைகளையும் கூட வந்த புக்லெட்டையும் வீசிவிடாமல் விரியும் அட்டைக்குள்ளேயே வையுங்கள், விலை அவற்றோடு சேர்த்துத்தான். வெளிக்கவருக்கு பி.வி.சி. வேண்டாம். நாளடைவில் அதிலிருந்து கசியும் ரசாயனம் தட்டில் பனிமூட்டம் போலப் படியும், அதுவும் துடைத்தால் போகாது. பாலிபுரொபிலீன் கவர் நல்லது. ஈரம் ஏறாத, வெயில் படாத அலமாரியில் நேராக நிற்க வையுங்கள். ஒரு விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி இருக்கட்டும்.